ஊருக்கு 20 ஷில்லிங்: மாத்யூ ஹாப்கின்ஸின் சூனிய வேட்டைச் சேவை, ஒரு மதிப்புரை

முதலில் விலை. ஊருக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்ட். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஒரு பண்ணைக் கூலியாள் மூன்று வாரத்துக்கு மேல் உழைத்தால்தான் இவ்வளவு கைக்கு வரும். இந்தப் பணத்துக்கு மாத்யூ ஹாப்கின்ஸ் 20 மைல் தூரத்திலிருந்தும் குதிரையில் வருவார். கூடவே அவருடைய ஆட்கள், மூன்று குதிரைகள். தேவைப்பட்டால் ஒரு வாரம் தங்குவார். கிளம்பும்போது ஊரில் மூன்று நான்கு சூனியக்காரிகளைக் காட்டிக் கொடுத்திருப்பார். இது எதிராளிகள் போட்ட கணக்கு அல்ல, 1647இல் அவரே அச்சிட்டு வெளியிட்ட சிறு பிரசுரத்தில் இருக்கிறது. ஒருத்திதான் அகப்பட்டாள் என்றாலும் இந்த விலைக்கு மலிவுதான் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். ஒருத்தியும் அகப்படாவிட்டால்? அதைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை. சேவையின் மொத்தக் கோளாறும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நிறுவனம் சின்னது. ஹாப்கின்ஸ் சஃபோக் மாவட்டத்தில் கிரேட் வென்ஹாம் என்ற ஊர்ப் பாதிரியாரின் மகன். எஸெக்ஸின் மானிங்ட்ரீயில் குடியிருந்தவர். கூட்டாளி ஜான் ஸ்டெர்ன். பெண்களின் உடம்பைச் சோதிக்க மேரி பிலிப்ஸ் போன்ற பெண்கள். ‘சூனிய வேட்டைத் தளபதி’ என்ற பட்டம் பிரசுரத்தின் முகப்புப் படத்தில் அவரே போட்டுக்கொண்டது, நாடாளுமன்றம் கொடுத்த பதவி இல்லை. 1645 மார்ச்சில் தொழில் தொடங்கி 1647இல் முடிந்துவிட்டது. அதற்குள் தூக்கில் தொங்கியவர்கள் ஏறத்தாழ 100 பேர். இங்கிலாந்தில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் மொத்தமே சுமார் 500 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பு. ஐந்தில் ஒரு பங்கை ஒரே கம்பெனி இரண்டு வருடத்தில் முடித்திருக்கிறது.

இந்தச் சேவையை யார், எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு முதல் ஆர்டரையே பார்க்கலாம். மானிங்ட்ரீயில் ஜான் ரிவெட் என்ற தையல்காரரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை. அவர் ஹாட்லியில் இருந்த ஒரு குறிக்காரியிடம் போனார். பக்கத்தில் இருக்கும் இரண்டு பெண்கள் செய்த வினை என்று அவள் சொன்னாள். ரிவெட் அதை எலிசபெத் கிளார்க் தலையில் கட்டினார். வயதானவள், ஒரு கால் இல்லாதவள், ஊர் தர்மத்தில் பிழைத்தவள். அவளுடைய தாயும் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்டவள். விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போயிற்று, ஹாப்கின்ஸ் உள்ளே வந்தார். ஆகவே இவர் இல்லாத சந்தேகத்தை உண்டாக்கி விற்கவில்லை. குறிக்காரர் கிளப்பிவிட்டு, அக்கம்பக்கத்தார் வருடக்கணக்காக மென்றுகொண்டிருந்த சந்தேகத்தை வாங்கி, கோர்ட்டில் நிற்கும் சரக்காக மாற்றித் தந்தார்.

அந்த ‘கோர்ட்டில் நிற்கும்’ என்பதுதான் முக்கியம். முதல் சூனியச் சட்டம் 1542இல் வந்து 1547இல் ரத்தானது. 1563ஆம் வருடச் சட்டத்தில் சூனியத்தால் ஆளைக் கொன்றால் தூக்கு. உடம்புக்குக் கேடு செய்தால் முதல் முறை ஒரு வருடச் சிறையும் நான்கு தடவை சந்தையில் தண்டனைக் கட்டையில் நிற்பதும்தான். ஜேம்ஸ் மன்னரின் 1604ஆம் வருடச் சட்டம் கேடு செய்த முதல் தடவைக்கே தூக்கு என்றது. அதோடு ஒரு தீய ஆவியை வைத்துக்கொள்வது, அதற்கு ஊட்டுவது, அதோடு பேசுவது எல்லாமே சாவுக்குரிய குற்றம் ஆயின. யாரும் செத்திருக்க வேண்டியதில்லை, ஆவிக்குத் தீனி போட்டதாக நிரூபித்தால் போதும். ஹாப்கின்ஸின் வேலைமுறை முழுக்க இந்த ஒரு பிரிவுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆவி உறிஞ்சிய ‘காம்பு’ உடம்பில் இருக்க வேண்டும், அந்த ஆவியைச் சாட்சிகள் கண்ணால் பார்க்க வேண்டும், ‘ஆமாம், என்னுடையதுதான்’ என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பிற நாடுகளில் செய்ததுபோல எலும்பு முறியச் சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்க இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இடமில்லை. கை வைக்காமல் ஒப்புதல் வாங்கித் தருவதுதான் இவருடைய சிறப்பு அம்சம்.

முதல் கட்டம் உடல் சோதனை. உடைகளை நீக்கி, பெண்கள் குழு ஒன்று மறைவிடங்களில் மரு, மச்சம், தொங்குசதை தேடும். பிள்ளை பெற்று, பாரம் தூக்கி, அறுபது எழுபது வயதான உடம்பில் இவற்றில் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது. மூல நோய்க்கும் பேறுகாலக் கிழிசலுக்கும் ‘காம்பு’க்கும் வித்தியாசம் சொல்ல எந்த அளவுகோலும் கொடுக்கப்படவில்லை. அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்பது ஒரு அடையாளம், தழும்புக்கும் உணர்ச்சி குறைவுதான். ஒரே நாள் இடைவெளியில் தேடி, முதல் நாள் இருந்தது இரண்டாம் நாள் இல்லை என்றால் ஆவி வந்து உறிஞ்சிவிட்டுப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வீங்கிய மூலம் வடிவதும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் கட்டம்தான் உண்மையான தொழிற்கூடம்: கண்விழிப்புக் காவல். ஹன்டிங்டன்ஷரில் கிரேட் ஸ்டாட்டன் ஊர்ப் பாதிரியார் ஜான் கால் 1646இல் அச்சிட்ட விவரம் இருப்பதால் செய்முறை அப்படியே கிடைக்கிறது. அறையின் நடுவில் ஒரு முக்காலி அல்லது மேசை. அதன்மேல் அவளைக் கால்களைப் பின்னி உட்கார வைக்க வேண்டும். மறுத்தால் கயிற்றால் கட்ட வேண்டும். 24 மணி நேரம் சோறில்லை, தூக்கமில்லை. காவலுக்கு இருப்பவர்கள் கண்ணை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்த நேரத்துக்குள் அவளுடைய ஆவி காம்பை உறிஞ்ச வரும். வர வசதியாகக் கதவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வைக்க வேண்டும். ஆவி கண்ணுக்குச் சட்டென்று தெரியாத உருவத்திலும் வரலாம். அதனால் அடிக்கடி அறையைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிலந்தியோ ஈயோ கண்ணில் பட்டால் அடிக்க வேண்டும். அடித்துச் செத்தால் அது வெறும் ஈ. தப்பித்துவிட்டால் அதுதான் ஆவி.

இந்த ஒரு விதியை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். மார்ச் மாதத்து எஸெக்ஸ் வீடு, கூரை வைக்கோல், தரை மண், விளக்கு ஒரு கொழுப்பு மெழுகுவத்தி. அறையில் நான்கைந்து பேர், கதவில் ஓட்டை. இரவு இரண்டு மணிக்கு, தாங்களும் தூங்காத ஆட்கள் துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஈயையும் தவறாமல் அடித்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் சாட்சி தயார். இதில் ‘ஆவி வரவில்லை’ என்று முடியக்கூடிய இரவு எப்படி இருக்கும் என்று யோசித்தால் கிடைக்காது. எதுவுமே வராவிட்டாலும் காவலை மறுநாளும் நீட்டலாம். எலிசபெத் கிளார்க்கை அப்படித்தான் பல இரவுகள் வைத்திருந்தார்கள்.

நடக்க வைப்பது இதன் துணைப் பாகம். உட்கார்ந்தால் கண் சொக்கும் என்பதால் இரண்டு பக்கமும் ஆள் பிடித்து அறைக்குள் நடத்துவார்கள். கால் கொப்புளிக்கும் வரை நடத்தினீர்களே என்று 1647இல் கேட்டபோது, அவள் சுருண்டு படுத்தால் ஆவிகள் வந்து காவலர்களைப் பயமுறுத்தும், அதற்காகத்தான் நடத்தினோம் என்று ஹாப்கின்ஸ் பதில் சொன்னார். தூக்கமில்லாத மூன்றாவது நாளில் மனிதருக்குக் கண்முன் இல்லாதது தெரியத் தொடங்கும், கேள்விக்கும் நினைவுக்கும் எல்லை அழியும். ‘அந்த மூலையில் இருப்பது உன்னுடைய பூனைதானே?’ என்று அப்போது கேட்டால் ‘ஆமாம்’ என்று வரும். சரக்கு உற்பத்தியாகும் நேரம் அதுதான்.

கிளார்க் சொன்ன பட்டியலைப் பார்த்தால் தரம் புரியும். ஹோல்ட், ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. ஜார்மாரா, காலே இல்லாத கொழுத்த ஸ்பானியல் நாய். வினிகர் டாம், காளைத் தலையோடு நீண்ட கால் கிரேஹவுண்ட். சாக் அண்ட் சுகர், ஒரு கறுப்பு முயல். நியூஸ், கீரி மாதிரி ஒரு பிராணி. இன்னும் பைவாக்கெட், கிரிசெல் கிரீடிகட் என்று வேறொரு பட்டியலும் உண்டு. எந்த மனிதராலும் கற்பனை செய்ய முடியாத பெயர்கள் என்று ஹாப்கின்ஸ் இவற்றைச் சான்றாகக் காட்டுகிறார். சாக் என்பது அந்தக் காலத்தில் எல்லாக் கள்ளுக்கடையிலும் ஊற்றிக்கொடுத்த ஸ்பெயின் நாட்டு ஒயின், அதில் சர்க்கரை கலந்து குடிப்பது ஊர் வழக்கம். வினிகர் அடுப்பங்கரையில் இருப்பது. நியூஸ் என்றால் சேதி. தூக்கமில்லாத ஒரு கிழவி கைக்கு எட்டிய சொற்களை எடுத்து நாய்க்கும் முயலுக்கும் பெயர் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டம் தண்ணீர் சோதனை. வலது கைக் கட்டைவிரலை இடது கால் பெருவிரலோடும், இடது கையை வலது காலோடும் குறுக்காகக் கட்ட வேண்டும். இடுப்பில் கயிறு, இரு கரையிலும் ஆட்கள். மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் இல்லை. ஞானஸ்நானத்தை உதறியவளைத் தண்ணீர் ஏற்காது என்பது 1597இல், ஸ்காட்லாந்து மன்னராக இருந்தபோது ஜேம்ஸ் எழுதி வைத்த விளக்கம். கோளாறு எங்கே? மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்தால் மிதக்கும், விட்டால் அமிழும். பயந்தவர் தண்ணீரில் விழும்போது மூச்சை இழுத்துத்தான் விழுவார். கம்பளிப் பாவாடைக்குள் காற்று சிக்கும். இது எல்லாவற்றையும் விட முக்கியம் கயிறு. இரு கரையிலும் இருப்பவர்கள் கொஞ்சம் இறுக்கினால் யாரும் மிதப்பார்கள், தளர்த்தினால் மூழ்குவார்கள். தீர்ப்பு தண்ணீரில் இல்லை, கயிற்றைப் பிடித்தவர் தோளில் இருக்கிறது. இந்தப் பாகத்தைச் சேவையிலிருந்து முதலில் கழற்றியவர்களும் அதிகாரிகளே. 1645இல் சஃபோக்குக்கு வந்த சிறப்பு விசாரணைக் குழு இதை நிறுத்தச் சொன்னது. காவலை நிறுத்தவில்லை.

முழுப் பாக்கேஜும் ஒரே ஆளிடம் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஜான் லோஸ். பிரான்டஸ்டன் ஊர்ப் பாதிரியார், வயது ஏறத்தாழ 80, சபையாரோடு வருடக்கணக்கான வழக்கு வம்பு உள்ளவர். ஃப்ராம்லிங்கம் கோட்டை அகழியில் அவரைப் போட்டுப் பார்த்தார்கள். பல இரவு தூங்கவிடாமல் வைத்து, மூச்சு முட்டும் வரை அறைக்குள் ஓட விட்டார்கள், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஓட்டம். கடைசியில் ஹாரிச் அருகே ஒரு கப்பலை மூழ்கடித்ததாக ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு கப்பல் மூழ்கியதா என்று துறைமுகத்தில் விசாரித்ததாகப் பதிவே இல்லை. 1645 ஆகஸ்ட் 27 அன்று பரி செயின்ட் எட்மன்ட்ஸில் 18 பேரைத் தூக்கிலிட்டார்கள், 16 பெண்கள், 2 ஆண்கள். லோஸ் ஒருவர். தனக்கான அடக்க ஆராதனையைத் தானே வாசித்துக்கொண்டார்.

(எரித்தார்கள் என்று பலர் நினைப்பதால் ஒரு குறிப்பு. இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. இப்ஸ்விச்சில் மேரி லேக்லண்ட் 1645இல் எரிக்கப்பட்டார் என்றால் அது கணவனைக் கொன்ற குற்றத்துக்கு. மனைவி கணவனைக் கொல்வதை அந்தச் சட்டம் சின்ன ராஜத்துரோகம் என்று கணக்கில் எழுதியது.)

விலைக்குத் திரும்புவோம். விளம்பரத்தில் 20 ஷில்லிங். ஊர்க் கணக்குப் புத்தகங்களில் வேறு தொகை. ஆல்டபரோ நகரம் தவணை தவணையாகக் கொடுத்தது 6 பவுண்ட். கிங்ஸ் லின் 15. ஸ்டோமார்க்கெட் 23. இப்ஸ்விச் இதற்கென்றே தனி வரி போட வேண்டியதாயிற்று. இது ஹாப்கின்ஸ் கையில் போனது மட்டும். உடம்பைச் சோதித்த பெண்களுக்குக் கூலி, இரவுக் காவலுக்கு மெழுகுவத்தியும் சாப்பாடும், விசாரணை வரும் வரை சிறைச் செலவு, தூக்குமரம், கயிறு, தூக்குப் போடுபவர் கூலி எல்லாம் ஊர் தலையில் தனியாக விழும். பரிசோதனைக் கட்டணத்தைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து மலைத்த கதை.

போட்டியாளர்களில் இதைவிட மோசமான ஒப்பந்தம் உண்டு. 1649இல் நியூகாஸில் நகரம் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு ஊசிக்காரரை வரவழைத்தது. போக்குவரத்துச் செலவு இலவசம், அதோடு குற்றவாளி என்று தேறும் தலைக்கு 20 ஷில்லிங். ஊருக்கு இவ்வளவு என்பதற்கும் தலைக்கு இவ்வளவு என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். தெருவில் மணி அடித்து, சந்தேகமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று தண்டோரா போட்டார்கள். 30 பெண்கள் கூட்டி வரப்பட்டார்கள். ஊசி குத்தி இரத்தம் வராவிட்டால் சூனியக்காரி. 27 பேர் ‘தேறினார்கள்’.

அந்தக் கூட்டத்தில் நல்ல தோற்றமுள்ள ஒரு பெண் இருந்தாள். இவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, சோதனை வேண்டாம் என்றார் லெஃப்டினன்ட் கர்னல் ஹாப்சன். ஊசிக்காரர் கேட்கவில்லை. எல்லார் முன்னும் அவள் உடையை இடுப்புக்கு மேல் தூக்கி, தொடையில் குத்துவதுபோலக் குத்தி, உடையைக் கீழே விட்டார். இரத்தம் இல்லை, குற்றவாளி. பயத்திலும் வெட்கத்திலும் இரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் என்று ஹாப்சன் அவளை மறுபடி வரவழைத்து, உடையைத் தொடைவரை தூக்கி, அதே இடத்தில் மறுபடி குத்தச் சொன்னார். இரத்தம் கொட்டியது. அவளை விடுவித்துவிட்டார் ஊசிக்காரர். மற்ற 26 பேருக்கு மறுசோதனை கேட்க ஒரு கர்னல் வாய்க்கவில்லை. 1650 ஆகஸ்டில் 14 பெண்களும் ஒரு ஆணும் தூக்கிலிடப்பட்டார்கள். கைப்பிடிக்குள் மடங்கிப் போகும் ஊசி எப்படிச் செய்வது என்று கென்ட்டைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் 1584லேயே படம் போட்டு அச்சிட்டிருந்தார். அது செப்படி வித்தைக்காரர்களின் தந்திரம். நியூகாஸில் ஊசி எப்படிப்பட்டது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இவ்வளவு செலவில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் வழிகளும் அப்போது புழக்கத்தில் இருந்தன. பிரபலமானது சூனியப் புட்டி. ரெடிங் நகரத்து ஜோசப் பிளாக்ரேவ் 1671இல் கொடுத்த செய்முறை சுருக்கமானது: நோயாளியின் சிறுநீரை ஒரு புட்டியில் எடுத்து, மூன்று ஆணி, ஊசி அல்லது குண்டூசி, கொஞ்சம் வெள்ளை உப்பு போட்டு இறுக மூடி, எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டும். வினை வைத்தவளுக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு இரத்தத் தொடர்பு இருக்கிறது, அதன் வழியே ஊசி அவள் மூத்திரப்பையைக் குத்தும், வலி தாங்காமல் வினையை எடுத்துவிடுவாள் என்பது கருத்து. வழக்கமான பாத்திரம் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான, கழுத்தில் தாடிக்காரன் முகம் பொறித்த கல்ஜாடி. 2004இல் கிரீனிச்சில் தலைகீழாகப் புதைத்திருந்த ஒன்று மூடி திறக்காமலே கிடைத்தது. பிறகு திறந்து ஆராய்ந்ததில் உள்ளே 12 இரும்பு ஆணி, 8 பித்தளைக் குண்டூசி, தலைமுடி, வெட்டிய நகம், கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் துண்டு, தொப்புள் அழுக்குபோல் தெரிந்த பஞ்சு, சிறுநீர். அந்தச் சிறுநீரில் நிகோடின் தடயம், ஆள் புகையிலை பிடித்திருக்கிறார். வெட்டிய நகம் ஒழுங்காகப் பராமரித்த கை.

இதில் அடிக்கடி கெடுவது மூடி. இறுக மூடிய புட்டியை அடுப்போரம் வைத்தால் நீராவி சேர்ந்து தக்கை வேட்டுப்போலத் தெறிக்கும், ஊசியும் ஆணியும் மற்றதும் கூரை வரை போகும். 1681இல் அச்சான ஒரு சஃபோக் சம்பவத்தில் இதேதான் நடக்கிறது. இரண்டாம் முறை அடுப்பை விட்டுவிட்டு மண்ணில் புதைக்கச் சொல்கிறார் ஆலோசனை சொன்ன கிழவர். தோண்டியெடுக்கப்பட்டவற்றில் பல அடுப்படிக்கும் வாசற்படிக்கும் கீழே கிடைத்தவை என்பதால் இந்தத் திருத்தம் நன்றாகப் பரவியிருக்கிறது என்று சொல்லலாம். செலவு சில பென்ஸ், ஜாடி பழசு போதும். ஒரு பெரிய குறை உண்டு. வினைக்காரி வலி தாளாமல் வாசலுக்கு வருவாள் என்று நம்பியதால், அந்த வாரம் நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாட்டிக்கொள்வாள். சந்தேகப்பட்டவள் வீட்டுக் கூரை வைக்கோலைப் பிடுங்கி எரிக்கும் முறையிலும் இதே பிசகு. அதைத் தவிர்த்தால், மொத்தப் பட்டியலில் என் ஓட்டு புட்டிக்குத்தான். புதைத்துவிட்டால் கோர்ட் வரை போகாது.

வேலையே செய்யும் ஒரு பரிகாரமும் இருக்கிறது. வெண்ணெய் திரளவில்லை என்றால் யாரோ கண் வைத்துவிட்டாள் என்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கடைகலத்தில் முக்குவார்கள். வெண்ணெய் திரளும்! பாலாடை ரொம்பக் குளிர்ந்திருந்தால் கொழுப்புத் துளிகள் கெட்டியாகி ஒன்றோடொன்று ஒட்டாது. சுமார் 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை வந்தால்தான் திரளும். குளிர்கால அடுப்பங்கரையில் காய்ச்சிய இரும்பு அந்த நான்கைந்து டிகிரியை ஏற்றிவிடுகிறது. பலன் நிஜம் என்பதால் காரணத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

குறிக்காரர் தனி வகை. எஸெக்ஸில் எந்த ஊரிலிருந்தும் 10 மைலுக்குள் ஒருவர் இருந்தார். சல்லடையும் கத்தரியும், பைபிளும் சாவியும் வைத்துத் திருடனையும் கண்டுபிடிப்பார்கள். சட்டப்படி இதுவும் குற்றம்தான். வாடிக்கையாளர் மனதில் ஏற்கெனவே இருக்கும் பெயரை அவர் வாயிலிருந்தே வரவழைப்பது இவர்களின் திறமை. ரிவெட் வழக்கு தொடங்கிய இடம் நினைவிருக்கும்.

ஒழுங்கான மறுபரிசோதனை அந்தக் காலத்தில் கிடைக்கவே கிடைக்காதா என்றால், கிடைத்தது, பணமும் ராஜ உத்தரவும் இருந்தால். 1634இல் லங்காஷரில் ஒரு சிறுவன் சொல்லில் பலர் குற்றவாளிகள் ஆனார்கள். நான்கு பெண்களை லண்டனுக்கு வரவழைத்து, இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த அதே வில்லியம் ஹார்வியின் மேற்பார்வையில் 7 அறுவை மருத்துவர்களும் 10 மருத்துவச்சிகளும் சோதித்தார்கள். மூன்று பேர் உடம்பில் இயற்கைக்கு மாறாக எதுவுமில்லை. நான்காமவளிடம் காம்பு மாதிரி இருந்தது அட்டை விட்டால் தோல் இழுபட்டு நிற்பது போன்றது என்று எழுதினார்கள். மாடு ஓட்டி வர நேரமாகிவிட்டது, அடிக்குப் பயந்து கட்டிய கதை என்று சிறுவனும் ஒப்புக்கொண்டான். உடல் சோதனை செய்யும் எல்லாக் குழுவுக்கும் இந்த அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுத்திருந்தால் போதும்.

நல்ல சோதனை இருந்தும் தோற்ற இடம் 1662, பரி செயின்ட் எட்மன்ட்ஸ். சூனியக்காரி தொட்டால் மட்டும் குழந்தையின் இறுகிய கை திறக்கிறது என்று வழக்கு. குழந்தையின் கண்ணை மூடி, சம்பந்தமே இல்லாத வேறொருத்தியைத் தொட வைத்தார்கள். கை அதேபோலத் திறந்தது. நேரில் பார்த்த கனவான்கள் இது வெறும் நடிப்பு என்று வந்து சொன்னார்கள். தொட்டது அவள்தான் என்று குழந்தை ஏமாந்திருக்கும், அதனால் நோய் நிஜம்தான் என்று ஒரு தகப்பன் விளக்கம் கொடுத்தார். நீதிபதி மாத்யூ ஹேல் முன் ஏமி டெனி, ரோஸ் கலெண்டர் இருவரும் குற்றவாளி என்று தீர்ப்பாகித் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஹாப்கின்ஸின் வாடிக்கையாளர் தொடர்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. கிரேட் ஸ்டாட்டனுக்கு வருமுன் அங்கே ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பாதிரியார் கால் அச்சில் போட்டுவிட்டார். உங்கள் ஊரில் இந்த ஜாதிக்குப் பரிந்து பேசுபவர்கள் அதிகமா, நல்ல வரவேற்பு உண்டா என்று விசாரிக்கிறார். இல்லாவிட்டால் தடையும் இல்லாமல், நன்றியும் கூலியும் கிடைக்கிற ஊர்களுக்கே போய்விடுவாராம். கேள்வி கேட்கும் ஊருக்குப் போகாத சேவை. பாதிரியார் ஜான் கால் பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார்: சுருங்கிய முகம், உதட்டு மயிர், மாறுகண், கீச்சுக்குரல், பக்கத்தில் ஒரு நாயோ பூனையோ இருந்தால் போதும், எந்தக் கிழவியையும் சூனியக்காரி என்று விடுகிறார்கள் என்றார். 1647இல் நார்ஃபோக் நீதிபதிகள் முன்னால் கேள்விகள் எழுத்தாக வந்தன. இவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறாரே, இவரே பெரிய சூனியக்காரராக இருப்பாரோ என்பது அதில் ஒன்று. சாத்தானின் ராஜ்யம் தனக்குள்ளேயே பிரிந்தால் நிலைக்குமா என்று பிரசுரத்தில் பதில் சொன்னார். தூங்கவிடாமல் வைப்பதை நிறுத்தி ஒன்றரை வருடமாகிவிட்டது என்றும் எழுதினார். அதே வருட ஆகஸ்டில் காசநோயில் இறந்து மிஸ்ட்லியில் புதைக்கப்பட்டார். அவரையே தண்ணீரில் போட்டுக் கொன்றார்கள் என்பது பிறகு கட்டிய கதை.

கம்பெனி மூடியபின்னும் செய்முறை ஊரில் இருந்தது. சூனியச் சட்டங்கள் 1736இல் நீங்கின. 1751 ஏப்ரலில், திங்களன்று ட்ரிங்கில் ஒரு ஆணையும் பெண்ணையும் பகிரங்கமாகத் தண்ணீரில் முக்கப்போகிறோம் என்று மூன்று சந்தை ஊர்களில் தண்டோரா போட்டார்கள். அந்தப் பெண் ரூத் ஆஸ்போர்ன், வயது எழுபதை ஒட்டி, ஒரு பால்காரரிடம் மோர் கேட்டு மறுக்கப்பட்டவள். பிறகு அவருடைய கன்றுகளுக்கு நோய் வந்தது, நார்தாம்டனிலிருந்து குறிக்காரி வந்தாள். கட்டைவிரலைக் கால்விரலோடு கட்டி, துணியில் சுற்றிக் குளத்தில் போட்டார்கள். தாமஸ் காலி என்பவர் தடியால் அவளைப் புரட்டினார். அவள் இறந்தாள். காலி கூட்டத்தினுள் போய், வேடிக்கை காட்டியதற்குக் காசு வசூலித்தார். கொலைக் குற்றத்துக்காக அவரை ஆகஸ்டில் தூக்கிலிட்டபோது ஊர்க்காரர்கள் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் நின்று, ஒரு பொல்லாத கிழவியைத் தொலைத்ததற்கா ஒருவரைத் தூக்கில் போடுவது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.